நாங்கள் ஒரு தீவை வென்ற கதை

1

ஊரில் இருந்து இதை வாசிக்கும் உங்களுக்கு இங்கத்தைய போர்ச் செய்தி எப்படி வந்து சேருகிறதோ தெரியாது. இலண்டனில் எங்களுக்கு அது ஒவ்வொரு மாலையும் தேநீரோடு வருகிறது. உலகத்தின் தென்கோடியில், செம்மறியாடும் காற்றும்தான் அதிகம் என்று சொல்லப்படும் சில தீவுகளை மீட்க, இந்த நாட்டின் கப்பல்கள் புறப்பட்டுப் போயிருக்கின்றன. துறைமுகத்தில் பெண்கள் அழுதுகொண்டே கையசைத்ததைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். போன மாதம் வரைக்கும் வேலையில்லாத் திண்டாட்டத்துக்காகப் பிரதமரைத் திட்டிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரி, இப்போது ஜன்னலில் கொடி கட்டியிருக்கிறாள். பிரதமர் நல்ல துணிச்சல்காரி என்று வேலிக்கு மேலால் என்னிடம் சொன்னாள். நான் சிரித்து வைத்தேன். இந்த நாட்டில் எனக்கு விளங்காதவற்றுக்கெல்லாம் சிரித்து வைப்பது பழகிவிட்டது.

என் மகன் ஜூட்டுக்கு ஆறு வயது. பள்ளிக்கூடத்தில் கடதாசியில் கொடி செய்து, வர்ணம் தீட்டி, ஒரு குச்சியில் ஒட்டிக்கொண்டு வந்தான். அவனுக்குத் தமிழ் விளங்கும். பேசும்போது ஆங்கிலத்தில் தொடங்கி, எனக்காக நடுவில் இரண்டு தமிழ்ச் சொல்லைப் போடுவான். "நாங்கள் வெல்லுவோம்" என்றான். அந்த நாங்களுக்குள் நான் இருக்கிறேனா என்று கேட்க நினைத்து, கேட்காமல் விட்டேன். பிறகு அவனே கேட்டான், அம்மாவின் ஊரிலும் ஒரு தீவு இருந்ததா என்று.

இருந்தது என்றேன். இரண்டு நாடுகள் அதற்கு உரிமை கேட்டன என்றும், கடைசியில் எங்கள் நாட்டுக்கே கிடைத்தது என்றும், அவனுடைய சேவியர் மாமாவும் அதற்காக வேலை செய்தவர் என்றும் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அவன் கண்கள் விரிந்தன. துவக்குச் சுட்டார்களா என்று கேட்டான். இல்லை, பேசியே வென்றார்கள் என்றேன். அது இன்னும் பெரிய விஷயமாக அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். அடுத்த நாள் ஆசிரியைக்குச் சொல்லியிருக்கிறான். சண்டை போடாமல் ஒரு தீவுப் பிரச்சினையைத் தீர்த்துக்கொண்ட நாட்டைப் பற்றிப் பிள்ளைகளுக்கு வந்து சொல்ல முடியுமா என்று அந்த நல்ல மனுஷி என்னைக் கேட்டாள். நான் ஓம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

நூலகத்தில் ஒரு தேசப்படப் புத்தகம் எடுத்து வந்து, சமையலறை மேசையில் விரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்தப் படத்தில் நான் சொன்ன அந்தக் கச்சதீவு இருக்கவில்லை. இருக்க வேண்டிய இடத்தில் நீலம் மட்டும் இருந்தது. ஒரு வசனம்கூட எனக்கு எழுத வரவில்லை. காய்ச்சல் என்று ஆசிரியைக்குப் பொய் சொல்லிவிட்டேன். அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்ல முடியாததைத்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

2

எங்கள் வீடு குருநகரில், கடற்கரையிலிருந்து இரண்டாம் ஒழுங்கையில். அப்பாவுக்குச் சொந்தமாக இரண்டு வள்ளங்கள் இருந்தன. நாங்கள் மூன்று பேர். மூத்தவர் சேவியர் அண்ணை, அடுத்தவள் பிலோமினா அக்கா, கடைசி நான்.

கச்சதீவில் ஆண்டுக்கு ஒருமுறை, தவக்காலத்தில், அந்தோனியார் திருவிழா. குடிக்க நல்ல தண்ணீர்கூட இல்லாத தீவு அது. திருவிழாவுக்கு மட்டும் இந்தக் கரையிலிருந்தும் அந்தக் கரையிலிருந்தும் வள்ளங்கள் வந்து நிறையும். பாம்பன், தங்கச்சிமடம், இராமேசுவரம் பக்கத்து ஆட்கள் புடவை, வெண்கலப் பாத்திரம் எல்லாம் கொண்டுவருவார்கள். நாங்கள் தேங்காய் எண்ணெயும் சவர்க்காரமும் கொண்டுபோவோம். ஒரு இரவு தங்கி, காலைப் பூசை கண்டு திரும்புவோம். பெண் பார்ப்பதும் மாப்பிள்ளை பார்ப்பதும் அங்கேயே நடக்கும். அக்காவைப் பாம்பனிலிருந்து வந்த ஒரு குடும்பம் அப்படித்தான் பார்த்தது. மாப்பிள்ளைக்கும் வள்ளம் இருந்தது, நல்ல பழக்கம் இருந்தது. அது வேறு நாடு என்று எங்கள் வீட்டில் ஒருவரும் பேசியதாக எனக்கு நினைவில்லை. நெடுந்தீவில் கட்டிக்கொடுப்பதைவிடக் கொஞ்சம் தூரம், அவ்வளவுதான்.

சட்டம் அப்போதும் இருந்தது. கடவுச்சீட்டு இல்லாமல் கடல் தாண்டக் கூடாது. ஆனாலும் அக்கா முதல் பிள்ளைப்பேற்றுக்கு அப்பாவின் வள்ளத்தில்தான் வந்தாள். காலையில் வெளிக்கிட்டவள் மத்தியானச் சாப்பாட்டுக்கு எங்கள் குசினியில் இருந்தாள்.

அண்ணை வேறு திசையில் போனார். பாதிரிமாரின் பள்ளிக்கூடத்தில் படித்து, கொழும்பில் அரசாங்க எழுதுவினைஞரானார். அவர் வேலையில் சேர்ந்து சில காலத்தில், ஐம்பத்தாறில், சிங்களம் மட்டும் என்ற சட்டம் வந்தது. கூட இருந்த தமிழர்கள் சிலர் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தார்கள். அண்ணை சிங்களம் படித்தார். சோதனை எழுதிச் சித்தியடைந்தார். ஊரில் அதற்காக அவரை ஏளனம் செய்தவர்கள் உண்டு. நாட்டோடு கோபித்துக்கொண்டு எங்கே போய் இருப்பது என்று அவர் அப்பாவிடம் கேட்பார். ஒவ்வொரு படியாக ஏறி, வெளிநாட்டு அலுவல்களைப் பார்க்கும் அமைச்சில் ஓர் உத்தியோகத்தரானார். எங்கள் ஒழுங்கையில் அப்படியொரு வேலை பார்த்தவர் வேறு இல்லை.

3

தீவைப் பற்றிய உடன்படிக்கைக்கு முந்தைய வருடம் அண்ணை தன் மேலதிகாரியோடு ஊருக்கு வந்தார். ஜயவீர என்ற அந்தப் பெரியவர் வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்ததை அம்மா நெடுநாள் புகழ்ந்துகொண்டிருந்தார். தீவை எங்கள் பக்கத்து ஆட்கள் எப்படிப் பாவித்தார்கள் என்று கேட்டறியத்தான் வந்திருந்தார்கள். தில்லியோடு பேசும்போது காட்ட அது தேவைப்பட்டது. மீனவர்களோடு தமிழில் கதைக்கக்கூடிய ஒருவர் அமைச்சுக்கு வேண்டியிருந்தது. எந்தத் தமிழ் உதவாது என்று சட்டம் போட்டார்களோ, அதே தமிழுக்காக அண்ணையைத் தேடி எடுத்திருந்தார்கள். அண்ணைக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. எனக்கும்தான்.

அப்பாவும் அவருடைய கூட்டாளி மடுத்தீன் அம்மானும் வீட்டு மண்டபத்தில் உட்கார்ந்தார்கள். அப்பா அன்றைக்கு வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். நான் கன்னியர் மடத்தில் படித்தவள் என்பதால் ஆங்கிலம் எனக்கு விளங்கும். தேநீர்த் தட்டைப் பிடித்துக்கொண்டு கதவடியில் நின்றேன். ஜயவீர கேட்பதை அண்ணை தமிழில் சொல்வார்; அப்பா சொல்வதை ஆங்கிலத்தில் சொல்வார். தீவு யாருடையது என்று உங்கள் ஆட்கள் நினைத்தார்கள் என்று ஜயவீர கேட்டார்.

அப்பா கொஞ்சம் யோசித்தார். "அது ஆரின்ரை எண்டு நாங்கள் ஒருநாளும் கேக்கேல்லை, தம்பி. அவையும் அங்கை வலை காயப்போடுவினம், நாங்களும் காயப்போடுவம். கோயில் கூரைக்கு அவையும் ஓடு கொண்டு வந்தவை, நாங்களும் கொண்டுபோனனாங்கள். எங்களுக்குத் தண்ணி முடிஞ்சால் அவையள் தருவினம்" என்றார்.

அண்ணை ஜயவீரவின் பக்கம் திரும்பினார். எங்கள் மீனவர்கள் பரம்பரை பரம்பரையாக அந்தத் தீவில் வலை உலர்த்தி வருகிறார்கள், கோயிலின் கூரைக்கு ஓடு கொண்டுபோனவர்கள் எங்கள் ஆட்கள் என்று திருத்தமான ஆங்கிலத்தில் சொன்னார். ஜயவீர எழுதிக்கொண்டார். அப்பா, தான் சொன்னது நன்றாகப் போய்ச் சேர்ந்தது என்ற திருப்தியோடு, மடுத்தீன் அம்மானைப் பார்த்துத் தலையாட்டினார்.

விருந்தாளி நண்டுக் குழம்போடு சாப்பிட்டுவிட்டுப் புறப்பட்ட பிறகு, கிணற்றடியில் கைகழுவிக்கொண்டிருந்த அண்ணையிடம் கேட்டேன், அப்பா சொன்னதில் பாதியை ஏன் விட்டீர்கள் என்று.

அவர் கோபிக்கவில்லை. "அவையின்ரை ஆக்கள் அங்கை அவையின்ரை பாதியை எழுதுவினம். எங்கடை பாதியைச் சொல்லத்தான் எனக்குச் சம்பளம்" என்றார்.

அது நியாயமாகத்தான் பட்டது. இரண்டு பாதியும் தில்லியிலோ கொழும்பிலோ ஒரு மேசையில் சேர்ந்து முழுசாகிவிடும் என்று நான் நினைத்தேன்.

4

எழுபத்து நாலில் இரண்டு தலைவர்களும் கையெழுத்திட்டார்கள். கோடு கீறப்பட்டது. தீவு எங்கள் பக்கம் விழுந்தது. வானொலியில் செய்தி வந்த அன்று எங்கள் ஒழுங்கையில் சீனவெடி கொளுத்தினார்கள். அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் சுவாமியார் அண்ணையின் பெயரைச் சொல்லாமல், எங்கள் பங்கின் மகன் ஒருவர் என்று குறிப்பிட்டபோது அப்பா அழுதுவிட்டார்.

அண்ணை ஊருக்கு வந்திருந்தபோது, ஒரு பெரிய நாடு ஏன் விட்டுக்கொடுத்தது என்று மடுத்தீன் அம்மான் கேட்டார். அண்ணை பொறுமையாக விளங்கப்படுத்தினார். பெரிய நாட்டுக்குச் சுற்றிவர நண்பர்கள் தேவைப்படுகிற காலம். தூரத்து வல்லரசுகள் இந்துமாக் கடலுக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டிருக்கும்போது, பக்கத்துத் தீவு தன் கையைவிட்டுப் போகக் கூடாது. எங்கள் பிரதமருக்கோ, அரிசிக்கும் மாவுக்கும் வரிசையில் நிற்கும் சனத்துக்குக் காட்ட ஒரு வெற்றி தேவைப்பட்டது. ஒருவருடைய தேவை மற்றவருடைய தேவையோடு பொருந்திவிட்டது. அண்ணை சொன்ன அந்தக் கணக்கில் பாம்பன் இல்லை, குருநகர் இல்லை. தில்லி தங்களைக் கேட்காமல் கொடுத்துவிட்டது என்று சென்னையில் கோபம் என்று கேள்விப்பட்டோம். கொழும்பு எங்களைக் கேட்டதே என்று நாங்கள் பெருமைப்பட்டோம்.

அடுத்த திருவிழாவுக்கு அக்கா வந்தாள். பாம்பன் தமிழும் எங்கள் தமிழும் அவள் வாயில் கலந்துபோயிருந்தன. மணலில் பாயை விரிக்கும் முன், "நீங்க வாங்கின தீவிலை நான் உக்காரலாமோ, அப்பா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தோம். பயப்பட ஒன்றும் இருக்கவில்லை. அந்தப் பக்கத்து யாத்திரிகர்கள் கடவுச்சீட்டு இல்லாமல் முன்போலவே தீவுக்கு வரலாம் என்று உடன்படிக்கையிலேயே எழுதியிருக்கிறது. அந்த வரிக்காகத் தான் எவ்வளவு பாடுபட்டேன் என்று அண்ணை அவளுக்குச் சொன்னார். அந்த உயிர்த்த ஞாயிற்றுக்குப் பிறகு எனக்குக் கலியாணமாகி நான் இலண்டனுக்கு வந்துவிட்டேன்.

அதற்கு அடுத்த வருடம் இன்னொரு உடன்பாடு வந்தது. ஒரு நாட்டு மீனவர் மற்ற நாட்டின் கடலில் மீன் பிடிக்கக் கூடாது. கடற்படைப் படகுகள் கூடின. அக்காவை வள்ளத்தில் ஏற்றி வருவதற்கு அதன்பிறகு ஒருவரும் துணியவில்லை. திருவிழா நாள் மட்டும் மிஞ்சியது.

5

எழுபத்தேழின் தொடக்கத்தில் அம்மாவுக்கு வயிற்றில் கட்டி முற்றிவிட்டதென்றும் பெரியாஸ்பத்திரியில் கைவிட்டுவிட்டார்கள் என்றும் செய்தி கிடைத்து, ஜூட்டைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போனேன். அண்ணையும் விடுமுறையில் வந்திருந்தார். அம்மாவின் முகம் சுருங்கிக் கைக்குள் அடங்கும் அளவுக்கு ஆகியிருந்தது. திருவிழா நெருங்கியது. பிலோமியைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று அம்மா அப்பாவிடம் சொன்னார். அப்பா ஓம் என்றார்.

கச்சதீவில் அக்கா எங்களைக் கண்டதும் முதலில் தேடியது அம்மாவைத்தான். அப்பா விஷயத்தைச் சொன்னார். அக்கா அன்றிரவு முழுக்கக் கோயில் வாசலில் முழந்தாளில் இருந்தாள். காலைப் பூசை முடிந்ததும் தன் புருஷனிடம் பிள்ளைகளை ஒப்படைத்துவிட்டு, ஒரு துணிப்பையோடு வந்து அப்பாவின் வள்ளத்தில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஜூட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அப்பா அவளுக்கென்று இடம் ஒதுக்கித்தான் வைத்திருந்தார்.

அண்ணை தண்ணீருக்குள் இறங்கி வந்தார். "பிலோமி, இறங்கு" என்றார்.

"ஒரு நாள் அண்ணை. அம்மாவைப் பாத்திட்டு நாளைக்கே வந்திடுறன்."

"தீவு மட்டும்தான் உனக்கு அனுமதி. அங்காலை வந்தால் நீ கள்ளத்தோணி."

அந்தச் சொல்லை எங்கள் வீட்டில் ஒருவரும் எடுப்பதில்லை. தென்னிலங்கையில் எங்களைப் போன்றவர்களைப் பார்த்து, களவாகக் கடல் தாண்டி வந்தவர்கள் என்று சொல்லும் சொல் அது. அண்ணை அதைக் கொழும்பில் எத்தனை முறை கேட்டிருப்பாரோ தெரியாது. இப்போது அவர் வாயிலிருந்து, எங்கள் எல்லோருக்கும் முன்னால், அக்காவின் மேல் விழுந்தது.

முறைப்படி வருவதென்றால் அவள் கடவுச்சீட்டு எடுத்து, விசா எடுத்து, தலைமன்னார்க் கப்பலில் வர வேண்டும். அதற்கு மாதக்கணக்காகும். அம்மாவிடம் மாதங்கள் இருக்கவில்லை. அது அண்ணைக்கும் தெரியும். கரையில் கடற்படைக்காரர்கள் நின்றார்கள். பிடிபட்டால் வள்ளம் போகும், அப்பா மறியல் சிறைக்குப் போவார். தமிழ் உத்தியோகத்தர் ஒருவர் தானே எழுதிய விதியைத் தன் தங்கைக்காக மீறினார் என்று பத்திரிகையில் வரும், பிறகு எந்தத் தமிழனையும் அந்த அமைச்சுக்குள் விடமாட்டார்கள். இதையெல்லாம் அவர் பிறகு எனக்குச் சொன்னார். அவ்வளவும் உண்மை. ஒன்றைக்கூட என்னால் மறுக்க முடியவில்லை.

அக்கா அப்பாவைப் பார்த்தாள். தம்பி சொல்லுறதிலை, என்று அண்ணையைக் காட்டித் தொடங்கிய அப்பா மேலே சொல்லாமல் கயிற்றைச் சுற்றத் தொடங்கினார். ஒரு கடற்படைச் சிப்பாய் என்ன விஷயமென்று கேட்டபடி வந்தான். அண்ணை சிங்களத்தில் ஏதோ சொன்னார். சிப்பாய் சிரித்தான், அண்ணையும் சிரித்தார், அவன் போய்விட்டான். அவர் என்ன சொன்னார் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.

அக்கா ஜூட்டை என்னிடம் தந்துவிட்டு இறங்கினாள். எத்தனையோ கடல் தாண்டி வந்த நான் வள்ளத்தில் இருந்தேன். பக்கத்துக் கரையிலிருந்து வந்தவள் முழங்கால் தண்ணீரில் நின்றாள். நானும் வாய்திறக்கவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி, பிலோமி வந்தவளோ என்பதுதான். இந்த முறை அவள் திருவிழாவுக்கே வரவில்லை என்று அண்ணை சொன்னார். அம்மா நம்பினாரா தெரியாது. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும், திருவிழா முடிந்துவிட்டதா என்று கேட்டார். முடியவில்லை என்று சொன்னோம். தவக்காலம் முடியும் முன்னரே அம்மா போய்விட்டார். பாம்பனுக்குச் சொல்லி அனுப்பியபோது, அம்மாவுக்குத் திருவிழாவுக்கு முன்னரே நினைவு தப்பிவிட்டது, நீ வந்திருந்தாலும் பயனில்லை என்று சொல்லும்படி அண்ணை ஏற்பாடு செய்தார். அவள் நிம்மதியாக இருக்கட்டும் என்றார். நாங்கள் எல்லோரும் அதற்கு உடன்பட்டோம்.

6

அந்த வருடமே ஆவணியில் கலவரம் வந்தது. கொழும்பில் அண்ணையின் வாடகை வீட்டுக்குள் புகுந்து தளபாடங்களை வீதியில் போட்டுக் கொளுத்தினார்கள். அண்ணை வாசலில் நின்று சிங்களத்தில் தான் யாரென்று எடுத்துச் சொல்லியிருக்கிறார். நாட்டுக்காகத் தான் செய்த வேலையையும் சொல்லியிருக்கிறார். ஒருவன் அவருடைய உச்சரிப்பைத் திருத்திவிட்டு அடித்தானாம். அண்ணியும் பிள்ளைகளும் பின்வேலியால் ஏறித் தப்பினார்கள். அகதிகளை ஏற்றிய கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கியபோது அவர்களிடம் போட்டிருந்த உடுப்பு மட்டும்தான் இருந்தது. அண்ணை திரும்பிப் போகவில்லை. நல்லூரில் ஒரு தனியார் கல்வி நிலையத்தில் ஆங்கிலம் படிப்பிக்கத் தொடங்கினார். சைக்கிளில் போய் வருவார். திருவிழாவுக்கு மட்டும் அவர் போவதில்லை.

இங்கே எனக்கு வேறு அலுவல். என் கணவர் ஏற்கெனவே இந்த நாட்டுக் குடியுரிமை உள்ளவர் என்பதால் எனக்கும் அது இலகுவாகக் கிடைத்தது. கருநீலக் கடவுச்சீட்டு வந்த அன்று நாங்கள் வெளியே போய்ச் சாப்பிட்டோம். இனி உலகத்தில் எந்த வாசலும் மூடாது என்று கணவர் சொன்னார்.

7

போன வருடம் தொடக்கத்தில் சென்னை வழியாகப் போனேன். விமான நிலையத்தில் எனக்கு மரியாதை. இராமேசுவரம் ரயிலில் போய்ப் பாம்பனில் இறங்கி, அக்காவின் வீட்டுக்கு நடந்து போனேன். கண்ணுக்கு எட்டாத ஊரிலிருந்து வந்த எனக்கு அது எவ்வளவு இலகுவாக இருந்தது என்று நினைக்கவே கூச்சமாக இருந்தது.

அக்காவின் தலை நரைத்திருந்தது. அவளுடைய மூத்தவன், நான் பிள்ளையாகப் பார்த்த பையன், எங்கள் கடற்படையிடம் ஒருமுறை பிடிபட்டு, வலையைப் பறிகொடுத்துவிட்டு வந்திருந்தான். அதை அவன் எனக்குச் சொல்லவில்லை. அவன் புறப்பட்டுப் போன பிறகு அக்கா சொன்னாள். உங்கள் கடற்படை என்று சொல்லாமல், கடற்படை என்று மட்டும் சொன்னாள். அண்ணை ஏன் திருவிழாவுக்கு வருவதில்லை என்று கேட்டாள். அம்மா கடைசியில் எப்படி இருந்தார் என்று கேட்டாள். நினைவு இருக்கவில்லை என்று நானும் சொன்னேன், அவள் கண்ணைப் பார்க்காமல்.

அங்கிருந்து கப்பலில் தலைமன்னாருக்கு வந்து ஊருக்குப் போனேன். திருவிழாவுக்கு அப்பாவோடு போய் அக்காவைத் திரும்பவும் பார்ப்பதாகச் சொல்லியிருந்தேன். அப்பாவால் நடக்க முடியாது. ஆனாலும் வள்ளத்தில் ஏற்றிவிட்டால் போதும் என்பார். குருநகர் இறங்குதுறையில் கடற்படை அதிகாரி ஒருவர் ஒவ்வொருவராகப் பார்த்து விட்டுக்கொண்டிருந்தார். என் கடவுச்சீட்டைப் புரட்டிவிட்டு, வெளிநாட்டவர் தீவுக்குப் போக முடியாது என்றார். நான் பிறந்த வீடு இரண்டாம் ஒழுங்கையில் இருக்கிறது என்று சொன்னேன். அவர் மரியாதையாகத் தலையை ஆட்டி மறுத்தார்.

எங்களை வழியனுப்ப வந்த அண்ணை சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவரிடம் போய், உடன்படிக்கை முழுவதும் பாடமாக்கியவர் நீங்கள்தானே, ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்டேன்.

"அதிலை ரெண்டு நாட்டுச் சனத்தைப் பற்றித்தான் எழுதியிருக்கு, தங்கச்சி. உன்ரை நாடு அதிலை இல்லை" என்றார்.

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. இருப்பதைத்தான் சொன்னார். வெளியே போய்ச் சாப்பிட்டுக் கொண்டாடிய அந்தக் கருநீலப் புத்தகத்தைக் கைப்பைக்குள் ஒளித்துக்கொண்டேன். அக்கா அங்கே காத்திருப்பாளே என்றேன். வள்ளத்துக்குள் உட்கார்ந்திருந்த அப்பா இவ்வளவையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். "சேவியர், நீ ஏறு" என்றார். அண்ணை சைக்கிளை என்னிடம் தந்துவிட்டு, உடுத்திருந்த சாரத்தோடு வள்ளத்தில் ஏறினார்.

மறுநாள் பின்னேரம் வள்ளங்கள் திரும்பின. அப்பாவை இரண்டு பேர் தூக்கி இறக்கினார்கள். அவரை அப்படியே வீட்டுக்குத் தூக்கிப் போனார்கள். அண்ணை கடைசியாக இறங்கி, கணுக்கால் தண்ணீரிலேயே நின்றார். மற்ற யாத்திரிகர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். நான் கிட்டப் போனேன். அக்கா வந்தவளா என்று கேட்டேன்.

"வந்தவள். அம்மா தன்னைக் கேட்டவவோ எண்டு என்னட்டைக் கேட்டவள். ஓம் எண்டன். நாள்தோறும் கேட்டவ எண்டன். அவவுக்கு நீங்கள் என்ன சொன்னியள் எண்டு கேட்டவள். நீ திருவிழாவுக்கு வரேல்லை எண்டு சொன்னனான் எண்டன்."

அக்கா என்ன சொன்னாள் என்று கேட்டேன்.

"ஒண்டும் சொல்லேல்லை. பிறகு எழும்பிப் போய், கோப்பையிலை சோறு போட்டுக்கொண்டு வந்து தந்தவள். பாரை மீன் குழம்பு. எனக்குப் பசி. நான் சாப்பிட்டன், தங்கச்சி."

அண்ணை அதற்கு முன் என் முன்னால் தலைகுனிந்து நின்றதில்லை. இருட்டுவதற்குள் வீட்டுக்குப் போவோம் என்று நான் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை போலிருந்தது. "முழுக்கச் சாப்பிட்டன்" என்றார் திரும்பவும்.

இந்த வருடத் திருவிழாவும் முடிந்துவிட்டது. அக்கா வந்தாளா என்று கேட்டு நான் இன்னும் ஒருவருக்கும் எழுதவில்லை.